ஆப்பிரிக்க சஃபாரி: ஆறு பூங்கா எதற்கு, இரண்டு போதுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்க வனவிலங்குச் சுற்றுலா பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கென்யாவிலும் தான்சானியாவிலுமாகப் பத்து நாளில் ஆறு தேசியப் பூங்காக்களைப் பார்த்து முடித்துவிடலாம் என்று அக்கட்டுரை உற்சாகமாகச் சொல்கிறது. ஏறத்தாழ இதே வாசகங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் சில மாதங்களாகச் சுவரொட்டிகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் வந்துகொண்டிருக்கின்றன. தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கையில் ஒரு தொகை வாங்கியவர்கள், மாங்கூழ் ஏற்றுமதி செய்பவர்கள், பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆசையோடு அனுப்பிவைக்கும் பெற்றோர் என்று இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்வது இப்போது எளிதாகிவிட்டது. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றுத் தேன்கனிக்கோட்டையில் வசிக்கும் நானும் அப்படியொரு குழுவோடு போய் வந்தவன்தான். அந்த அனுபவத்தை வைத்தும், போவதற்கு முன்னும் பின்னும் படித்தறிந்ததை வைத்தும் சொல்கிறேன்: ஆறு பூங்கா வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தெந்த விலங்கைப் பார்க்கலாம் என்று கேட்பதோடு நிற்காமல், பூங்காவின் ஓரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும். ராகி விளையும் காலம் முழுவதும் யானைக்குப் பயந்து பரண் கட்டிக் காவல் இருக்கும் ஊர்களிலிருந்து போகிற நாமே இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மேற்கே ஐந்தாறு மணி நேரப் பயணம். கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்து அம்போசெலிப் பூங்காவோ அதே நைரோபியிலிருந்து தென்கிழக்கே, வேறு திசையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலைவழியாகப் போவதானால் பெரும்பாலும் நைரோபிப் பக்கம் திரும்பி வந்துதான் போக வேண்டும், ஒரு பகல் அதிலேயே கழிந்துவிடும். வரைபடத்தைப் பார்ப்பவர்கள் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, இங்கிருந்து அங்கே ஒரு எட்டுத்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். விலங்குகளுக்கு அது ஒரு எட்டுத்தான். சுற்றுலா வண்டிகளுக்கு அந்த வழி திறந்திருப்பதில்லை. விமானத்தில் போகாதவர்கள் மேற்கே விக்டோரியா ஏரிப் பக்கமாகச் சுற்றி, இசெபானியா எல்லைச் சாவடியில் கென்ய வண்டியை விட்டு இறங்கித் தான்சானிய வண்டியில் ஏறிய பிறகே செரெங்கெட்டிக்குள் நுழைய முடியும். நுழைந்த பிறகும், அந்தப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். அதற்கு ஒன்றரை நாள் ஒதுக்கும் பயணத் திட்டத்தில், வாயிலிலிருந்து விடுதிக்கும் விடுதியிலிருந்து வாயிலுக்கும் போவதைத் தவிர வேறென்ன நடக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்களை அழைத்துச் சென்ற நிறுவனம் கென்யாவின் நக்குரு ஏரிப் பூங்காவுக்கு ஒதுக்கியிருந்தது மதிய உணவை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே. ஒரு காலத்தில் லட்சக்கணக்கான பூநாரைகளால் கரையே இளஞ்சிவப்பாகத் தெரிந்த ஏரி அது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்ததில் பூங்காவின் பழைய வாயிலும் சாலைகளும் மூழ்கின. தண்ணீரின் உப்பு நீர்த்துப்போய்ப் பாசி குறைந்ததால், அதைத் தின்று வாழும் பூநாரைகளில் பெரும்பகுதி போகோரியா போன்ற ஏரிகளுக்கு இடம் மாறிவிட்டன. விளம்பரப் படத்தில் மட்டும் இன்னமும் பழைய ஏரிதான் இருக்கிறது. காண்டாமிருகத்தைப் பார்க்க நக்குரு இன்றைக்கும் நல்ல இடம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விடியற்காலையில் உள்ளே இருக்க வேண்டும். எங்களைப் போல உச்சி வெயிலில் போய் நின்றால் எருமைகளின் முதுகைத்தான் பார்க்கலாம். பட்டியலில் ஒரு பெயர் கூடியது என்பதைத் தவிர அந்த நிறுத்தத்தால் யாருக்கும் பயன் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறாக, அம்போசெலியில் எங்களுக்கு அவசரமில்லாமல் இருக்க வாய்த்தது. 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட சிறிய பூங்கா அது; புழுதி பறக்கும் வறண்ட தரை. ஆனால் கிளிமஞ்சாரோவில் பெய்யும் மழை நிலத்தடியில் ஊறி வந்து நடுவே சதுப்பாக வெளிப்படுவதால், கோடையிலும் பச்சை வற்றுவதில்லை. எங்கள் ஓட்டுநர் ஒரு யானைக் குடும்பத்திலிருந்து தள்ளி வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இனிப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். வயிறு வரை சேற்றில் நின்ற பெரிய பெண் யானை முன்காலால் புல்லை உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுற்றி எடுத்து, வேரில் ஒட்டியிருந்த மண் போகும்வரை முழங்காலில் இரண்டு மூன்று முறை தட்டி உதறிவிட்டுப் பிறகுதான் வாயில் வைத்தது. பக்கத்தில் நின்ற குட்டி அதே வேலையைச் செய்யப் பார்த்துப் புல்லைத் தவறவிட்டுத் தவறவிட்டு எடுத்துக்கொண்டிருந்தது. யானை இறங்கிய வயலை மறுநாள் காலையில் சேத மதிப்பீட்டுக்காகப் போய்ப் பார்த்த எனக்கு, வேர் மண் உதிர்ந்து கிடக்கும் ராகித் தாள்கள் பழக்கமானவை. அந்த மண் எப்படி உதிர்கிறது என்பதைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தது அங்கேதான். சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளர் 1972-ல் அங்கே தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. யானைகள் ஒவ்வொன்றும் குடும்பவாரியாக அடையாளம் காணப்பட்டுப் பதிவாகியிருக்கின்றன. காதின் ஓரத்துக் கிழிசலை வைத்து அது எந்தக் குடும்பம் என்று ஓட்டுநர் சொன்னபோது, எங்கள் குழுவில் அடுத்த பூங்காவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

அவசரத்தால் நம் பணமும் நேரமும் மட்டும் வீணாவதில்லை, விலங்குகளுக்கும் கேடு வருகிறது. மாராவில் ஒரு சிவிங்கிப்புலி (சீட்டா) கண்ணில் பட்டால் போதும், ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் ரேடியோவில் சொல்லிக்கொள்ள, சிறிது நேரத்தில் பத்திருபது வண்டிகள் வளைத்துக்கொள்கின்றன. நாளைக்கு வேறு பூங்கா என்று இருக்கிற பயணி, இன்றைக்கே கிட்டத்தில் காட்டு என்று ஓட்டுநரை நெருக்குகிறார். தருகிற அன்பளிப்பும் அதைப் பொறுத்துத்தான். பகலில் வேட்டையாடும் விலங்கு அது. வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை கெடும். பிடித்த இரையையும் கூட்டத்தைக் கண்டு வரும் கழுதைப்புலியிடம் பறிகொடுக்க நேரும். மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா நெருக்கடி மிகுந்த இடங்களில் வாழும் தாய்ச் சிவிங்கிப்புலிகள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஒரு குட்டியைக்கூட ஆளாக்குவதில்லை என்றும், நெருக்கடி குறைந்த இடங்களில் இரண்டுக்கு மேல் ஆளாக்குகின்றன என்றும் கண்டது. இந்தச் செய்தியைப் படித்த பிறகும், சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்னும் ‘ஐந்து பெரிய விலங்கு’களையும் ஒரே நாளில் காட்டுவோம் என்னும் விளம்பரத்தை நல்ல விளம்பரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பயணிக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி தொடங்கி ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும். கொரில்லாவைப் பார்க்க உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். நம் ஊர்க் கணக்கில் இவை சிறிய தொகைகள் அல்ல. கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அது எங்கே போகிறது என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு இருக்கிறது. உகாண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் எல்லைக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ருவாண்டாவில் பூங்காச் சுற்றுலா வருமானத்தில் 5 சதவீதமாக இருந்த கிராமங்களின் பங்கு 2017-ல் 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மாராவைச் சுற்றி வேறொரு முறை வளர்ந்திருக்கிறது. அங்கே பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கும் புல்வெளி, மாடு மேய்த்து வாழும் மாசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தமானது. அவர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, வேலி போடாமலும் உழாமலும் விலங்குகளுக்காகத் திறந்து வைத்து, விடுதிகளிடமிருந்து மாதக் குத்தகை பெறுகிறார்கள். 2005-ல் ஓல் கின்யேயில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று மாராவின் வடக்கு, கிழக்கு எல்லைகளில் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. அங்கே விடுதிகளின் எண்ணிக்கைக்கும், ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். 2020-ல் கொரோனாவால் பயணிகள் வரவு நின்றபோது குத்தகைத் தொகையும் குறைந்தது, சுற்றுலாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது அப்போது தெரிந்தது. ஆயினும், தன் நிலத்தில் சிங்கம் நடமாடுவதால் மாதாமாதம் பணம் வரும் குடும்பமும், மாட்டை மட்டும் இழக்கும் குடும்பமும் அந்தச் சிங்கத்தை ஒரே கண்ணால் பார்க்க மாட்டார்கள். விஷம் வைத்த இறைச்சியால் சிங்கங்கள் கூட்டமாகச் சாவது ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இன்றும் நடக்கிறது.

அம்போசெலியிலிருந்து கிழக்கே கிமானா வழியாக வெளியே வரும்போது நான் கண்டது, நம் ராயக்கோட்டையையும் பாலக்கோட்டையும் அப்படியே நினைவூட்டியது. மலையிலிருந்து வரும் நீரை வாய்க்காலில் திருப்பித் தக்காளியும் வெங்காயமும் பயிரிட்டிருக்கிறார்கள். தக்காளிப் பெட்டிகள் சாலையோரத்தில் அடுக்கப்பட்டு லாரிக்காகக் காத்திருக்கின்றன. அதே நிலத்தின் வழியாகத்தான் அம்போசெலி யானைகள் சியூலு குன்றுகளுக்கும் சாவோ தேசியப் பூங்காவுக்கும் போயாக வேண்டும். யானைகள் நடமாடும் இடத்தில் ஓர் அவகேடோ பண்ணை வேலி போட்டதை எதிர்த்து எழுந்த வழக்கு, அந்நாட்டுத் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் வரை போயிற்று. இரவில் தகரத்தைத் தட்டியும் டார்ச் அடித்தும் யானையை விரட்டும் வேலை அங்கேயும் உண்டு. பயணிகளுக்கு இதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை. பூங்கா வாயிலைத் தாண்டியவுடன் வண்டி வேகமெடுத்துவிடுகிறது. எங்கள் ஓட்டுநரிடம் நானாகக் கேட்டு, ஒரு தோட்டத்து ஓரத்தில் சிறிது நேரம் நிறுத்தச் சொன்னேன். குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. தக்காளியைப் பார்க்கவா இத்தனை லட்சம் செலவு செய்து வந்தோம் என்றார்கள். என்னைக் கேட்டால், ஓசூர் வனக்கோட்டத்து ஊர்களிலிருந்து போகும் ஒருவர் அங்கே பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

சாவோ அருகே சகல்லா என்னும் பகுதியில் உள்ள தேனீப் பெட்டி வேலியும் அப்படிப்பட்டதே. ஆப்பிரிக்க யானை தேனீக்கு அஞ்சும் என்பதை லூசி கிங் என்ற ஆய்வாளர் சோதித்து, அதை வைத்தே ஒரு வேலியை உருவாக்கினார். விளைநிலத்தைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, அவற்றை ஒரே கம்பியால் இணைக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்று வெறும் பலகைதான். செலவைக் குறைக்கும் உத்தி. கம்பியை யானை நெஞ்சால் தள்ளினால் வரிசையில் உள்ள பெட்டிகள் எல்லாம் ஆடித் தேனீக்கள் கிளம்பும். வந்த யானைகளில் பெரும்பாலானவை திரும்பிவிடுவதாகப் பல ஆண்டுப் பதிவுகள் காட்டுகின்றன. தேன் விற்ற பணம் தனி. வறட்சி ஆண்டில் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டால் வேலியின் பலமும் போய்விடும் என்பது அதன் பலவீனம். 2021-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் குடகில் இதே முறையைச் சோதிக்கத் தொடங்கியது. நம் பக்கத்திலோ 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்து, இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றதை இந்த நாளிதழே வெளியிட்டிருக்கும். விவசாயியை அந்த வேலி வரை தள்ளியது எது என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள், சகல்லாவில் அரை நாள் செலவிடலாம். அங்கே போக, பூங்கா எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் யானைகள் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகத் தேடி வருகிற ராகியே கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டில் முதலில் பயிரான தானியம்தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம்மிடம் வந்தது. இன்றும் கென்யாவில் அதை ‘விம்பி’ என்கிறார்கள், காலையில் கூழாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். விடுதியில் ரொட்டியும் வெண்ணெயும் வைத்திருந்த மேசையில் ஓரமாக ஒரு பாத்திரத்தில் அந்தக் கூழும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் முதலில் காலி செய்தார்கள்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டு வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். தான்சானியாவின் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் 250 டாலரும் வரியும் தனியாகக் கட்ட வேண்டும். சுமார் 600 மீட்டர் ஆழத்தில், 260 சதுர கிலோமீட்டர் தரையில் சிங்கமும் யானையும் காண்டாமிருகமும் ஒன்றாக நடமாடும் அந்த இடத்தின் அழகைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொற்கள் போதா. ஆனால் 1959-ல் செரெங்கெட்டியை விட்டு வெளியேறச் சம்மதித்த மாசாய் மக்களுக்கு, அதற்கு ஈடாக வாழ்ந்துகொள்ளலாம் என்று காட்டப்பட்ட இடம்தான் இந்தக் கோரோங்கோரோ. 2022 முதல் அங்கிருந்தும் அவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ம்சோமெராவுக்குக் குடியேற்றும் வேலை நடக்கிறது. மக்கள்தொகையும் மாடும் பெருகிவிட்டதால் விலங்குகளுக்கு இடமில்லை என்பது அரசின் வாதம். விருப்பமின்றித் தள்ளப்படுகிறோம் என்பது அம்மக்களில் பலரின் முறையீடு. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மலைகளில் இருளர் குடும்பங்கள் நிலப்பட்டாவுக்கு எத்தனை காலம் அலைகிறார்கள் என்பதை அறிந்த நம்மவர்களுக்கு, இதில் எந்தப் பக்கம் முழு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. குறைந்தபட்சம் சுற்றுலாக் கட்டுரையில் ஒரு வரியாவது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

சாவோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோது, 1898-ல் இரண்டு ஆண் சிங்கங்கள் பாலம் கட்டிய தொழிலாளர்களைக் கொன்று தின்ற கதையை வழிகாட்டிகள் விரிவாகச் சொல்வார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 2017-ல் அதே வழியில் புதிய ரயில் பாதை திறக்கப்பட்டது. கரை எழுப்பிய அந்தப் பாதையின் அடியில் விலங்குகள் கடந்து போக உயரமான வழிகள் விட்டிருக்கிறார்கள். யானைகள் அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. சானமாவு, சூளகிரிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையை யானைக் கூட்டம் கடக்கும் இரவுகளில் வனத்துறையினர் வாகனங்களை நிறுத்திக் காத்திருப்பதைப் பார்த்தவர்கள் அந்த வழிகளின் உயரத்தையும் அகலத்தையும் படம் எடுத்து வந்தால், சிங்கத்தின் படத்தைவிட அது இங்கே அதிகம் பயன்படும்.

போகத் தீர்மானித்தவர்களுக்கு, கட்டுரையில் விடுபட்ட சில விவரங்களைச் சொல்லி வைக்கிறேன். நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் அங்கே பெருமழைக் காலம்; கட்டணம் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம், மண் சாலைகளில் வண்டி புதையும். வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்வகை விலங்குகள் சுமார் 13 லட்சமும் அவற்றோடு வரிக்குதிரைகளும் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். காலாண்டு விடுமுறை அதற்குப் பொருந்தும். பிப்ரவரியில் போகிறவர்கள் மாராவை விட்டுவிட்டுச் செரெங்கெட்டியின் தென்கோடிப் புல்வெளியில் தங்கினால், அக்கூட்டம் கன்று ஈனுவதைப் பார்க்கலாம். எந்த மாதம் என்பதே எந்தப் பூங்கா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதால், எல்லாப் பூங்காவும் எல்லா மாதமும் என்று விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அந்த ஊசி கிடைக்கும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. அறுபது வயதைக் கடந்தவர்கள் முதல் தடவையாக அதைப் போட்டுக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். இந்தப் பயணத்துக்குச் சேர்பவர்களில் பாதிப் பேர் அந்த வயதினர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மலேரியா மாத்திரையும் அவ்வாறே. கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் தடை. முறுக்கும் பொடி வகைகளும் கொண்டு போகிறவர்கள் அவற்றை டப்பாவில் அடைத்துக்கொள்வது நல்லது.

தங்கள் பயணப் பக்கத்தில் இனி சஃபாரி பற்றி எழுதப்படும்போது, பார்க்கக்கூடிய விலங்குகளின் பெயர்களுக்குப் பக்கத்திலேயே, அந்தப் பூங்காவின் கட்டணம் எவ்வளவு, அதில் எல்லைக் கிராமங்களுக்கு எவ்வளவு என்ற இரண்டு விவரங்களையும் தவறாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மாவட்டங்களிலும் காவேரி வடக்குச் சரணாலயம் 2014-லும் காவேரி தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. ஆப்பிரிக்காவைப் போல இங்கேயும் ஜீப் சஃபாரி விட்டால் என்ன என்று பயணம் போய் வந்த நண்பர்கள் கேட்கிறார்கள். விடட்டும், ஆட்சேபம் இல்லை. உகாண்டாவில் சட்டமாகவே இருப்பதுபோல், நுழைவுக் கட்டணத்தில் தளி, அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம் வட்டார எல்லை ஊராட்சிகளுக்கு இத்தனை பங்கு என்பதை முதலில் அரசாணையாக எழுதிவிட்டு, பிறகு ஜீப்பை வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.